ஜீப்பைக் கழுவிய தண்ணீர்

“காம்னோவா விஷயம் வரும்போது மேஜையில நான் பேசணும், சார். உங்களுக்காக இல்ல. எனக்காக.”

கேட்கவே கூடாதென்று சொல்லி வைத்திருந்ததை நெவென்கா கேட்டுவிட்டாள். மிஸ்டர் விட்காம் காப்பிக் கோப்பையில் சர்க்கரைக்குப் பதிலாகச் சாக்கரின் மாத்திரையைக் கலக்கிக்கொண்டிருந்தார். கரண்டி நின்றது. ஆள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மொழிபெயர்ப்பாளராக வேலைக்குச் சேர்ந்த அன்றே லண்டனிலிருந்து வந்த நிர்வாகி ஒருவர் அவளை உட்காரவைத்துப் பாடம் நடத்தியிருந்தார். மேஜையில் நீ ‘நான்’ என்று சொன்னால் அந்த ‘நான்’ மிஸ்டர் விட்காம். ‘நாங்கள்’ என்று சொன்னால் பிரிட்டன். உனக்கென்று அங்கே நாற்காலி கிடையாது, அவருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் உண்டு. உள்ளே கேட்டதை வெளியே சொல்ல மாட்டேன் என்று இங்கே கையெழுத்துப் போடு. போட்டாள். கல்லுடைக்கிறவர் மகள் அவள். அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் போடச் சொன்ன இடத்தில் போட்டுவிடும் பழக்கம் பட்டத்தோடு போய்விடவில்லை. இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகம் கொடுத்த அந்தப் பட்டத்தில் இருப்பதுகூட அவள் பெயரில்லை. லூபின்ச் என்ற குடும்பப் பெயரை முசோலினி காலத்து அதிகாரிகள் லூபினி என்று இத்தாலியப் பெயராக்கிவிட்டார்கள். அதையும் யாரும் கேட்டுச் செய்யவில்லை.

“மிஸ் லூபின்ச், இன்னிக்கு மட்டும் வேண்டாமே” என்றார் விட்காம்.

“இன்னிக்குத்தான் சார் காம்னோவா வருது.”

அதுதான் சங்கடம். போர் முடிந்துவிட்டது. திரியெஸ்த் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கிற சுண்ணாம்புப் பாறை மேடு முழுக்க, எது இத்தாலி, எது யுகோஸ்லாவியா என்று கோடு கிழிக்க நான்கு வல்லரசுகள் நான்கு நிபுணர்களை அனுப்பியிருந்தன. அவர்கள் வசந்தத்தில் ஜீப்பில் ஊர் ஊராகச் சுற்றினார்கள். இப்போது பாரிசுக்கு வந்து லுக்சம்பூர் அரண்மனையின் ஒரு பக்க அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பெரிய ஊர்களைப் பற்றி அமைச்சர்கள் மாடியில் சண்டை போட்டுக்கொள்வார்கள். சின்ன ஊர்களை இவர்களே முடித்துவிட வேண்டும். முடிக்கும் முறையும் எளிது. தலைவர் ஊரின் பெயரைப் படிப்பார். கோடு எங்கே போகிறதென்று படிப்பார். நான்கு பேரும் வாயைத் திறக்காவிட்டால் அது ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அங்கே மௌனம்தான் கையெழுத்து.

அவள் பிறந்த காம்னோவாவில் கோடு ரயில் பாதையோடு போகிறது. மேட்டில் இருக்கிற வீடுகள் யுகோஸ்லாவியாவுக்கு. பாதையும் அதற்குக் கீழே உள்ளதும் இத்தாலிக்கு. ஊருக்கிருக்கிற ஒரே ஊற்று பாதைக்குக் கீழே இருக்கிறது.

பெய்கிற மழையெல்லாம் பாறைக்குள் இறங்கி ஓடிவிடும் ஊர் அது. முன்பு வீட்டுக்கு வீடு கல்தொட்டி கட்டி மழைத்தண்ணீரைச் சேர்த்து வைத்தார்கள். ஜெர்மன்காரர்கள் பின்வாங்கிப் போகும்போது கூரைகளைக் கொளுத்தினார்கள், தொட்டிகளுக்குள் வெடி வைத்தார்கள். கூரையை மறுபடி போட்டாயிற்று. தொட்டி கட்டச் சிமெண்ட் இல்லை. இப்போது காம்னோவா குடிப்பது, சமைப்பது, மாட்டுக்கு வைப்பது எல்லாம் அந்த ஊற்றைத்தான்.

“உங்க அறிக்கையில ஊருக்குச் சொந்தத் தண்ணி வசதி இருக்குன்னு எழுதியிருக்கு சார். இல்ல. அது பொய்.”

“நாங்க நாலு பேரும் கண்ணால பார்த்தோமேம்மா” என்றார் விட்காம். “ஊரே நெறஞ்சு கெடந்துது. என் ஜீப்பையே கழுவினாங்க.”



அன்றைக்கு நடந்தது அவளுக்குத் தெரியும். அவளும் அங்கேதான் இருந்தாள். காம்னோவாவில் விருந்தாளி வரும்போது வாசலில் இருக்கிற செம்பு வாளி தளும்ப வேண்டும். பாதி வாளி என்றால் ஊர் சிரிக்கும். எந்த வீட்டிலாவது பெண் பார்க்க வந்தால் முதலில் வாளியைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட ஊருக்கு நான்கு நாடுகள் சேர்ந்து விருந்துக்கு வருகின்றன. முதல் நாள் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை பெண்கள் ஊற்றுக்கும் மேட்டுக்கும் நடந்தார்கள். ஊற்றிலிருந்த பம்பு ஓடவில்லை, டீசல் இல்லை, தலைச்சுமைதான். அவளுடைய அம்மாவும் சுமந்தாள். மறுநாள் வாசலுக்கு வாசல் வாளி, மாட்டுத் தொட்டிகள் விளிம்புவரை, தேவாலயத்துக்கு முன்னால் பீப்பாய்கள். அமெரிக்கர் பிராட்டன் கை கழுவினார், முகம் கழுவினார், சட்டைக் காலரைக்கூட நனைத்துத் துடைத்துக்கொண்டார். ஜீப்பில் சேறு இருப்பதைப் பார்த்த ஊர்த்தலைவர், அதாவது ஃப்ரான்ஸே பெரியப்பா, கண்ணைக் காட்டினார். இரண்டு பையன்கள் நான்கு வாளி எடுத்து ஜீப்பின் மேல் ஊற்றினார்கள். மொத்த ஊரும் கைகட்டிச் சிரித்த முகமாக நின்று, அந்தத் தண்ணீர் தெருவில் ஓடிக் கல்லிடுக்கில் மறைவதைப் பார்த்தது.

தண்ணீர் போதுமா என்று பிராட்டன் கேட்டார். அவள் கேள்வியைச் சொன்னாள். பெரியப்பா மீசையைத் தடவிக்கொண்டு, எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொல், கடவுள் புண்ணியத்தில் எங்களுக்குக் குறையில்லை என்றார். அவள் தயங்கியதைப் பார்த்து, சொல்லுடி, மானத்தை வாங்காதே என்று பல்லுக்குள்ளேயே சொன்னார். அவள் பெருமையடிப்பை மட்டும் ஆங்கிலத்தில் சொன்னாள். கூட்டியோ குறைத்தோ சொல்லக்கூடாதென்பது விதி.

இதையெல்லாம் இப்போது விட்காமிடம் சொன்னாள். தாழ்வாரத்தில் நின்றபடி, மூச்சு விடாமல். அவர் கேட்டார், நன்றாகவே கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. பூகோளப் பேராசிரியர், மலைகளின் பெயரை நாய்க்குட்டிகளின் பெயரைப் போலச் சொல்வார்.

“நான் கோட்டை நகர்த்தச் சொல்லல சார். ஒரு வாக்கியம் சேர்த்துடுங்க. கோடு எங்க போனாலும் ஊத்துத் தண்ணி காம்னோவாவுக்கும் உண்டு, மோலினெட்டாவுக்கும் உண்டு. அவ்வளவுதான்.”

மோலினெட்டா பள்ளத்தில் இருக்கிற மாவரைப்போர் குடியிருப்பு. இத்தாலிய மொழி பேசுகிறவர்கள். அதே ஊற்று வழிந்து ஓடித்தான் அவர்களுடைய ஆலைச் சக்கரம் சுற்றுகிறது. பகலெல்லாம் மேட்டுக்கு, இருட்டின பிறகு ஆலைக்கு என்று எப்போதோ யாரோ பேசிவைத்தது. இரண்டு ஊரும் எதற்கெடுத்தாலும் அடித்துக்கொள்ளும், இந்த ஒன்றில் மட்டும் அடித்துக்கொண்டதில்லை.

விட்காம் கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்தார். அந்தப் பகுதி முழுவதும் பெரும்பாடு பட்டு முடிந்திருக்கிறது என்றார். ஒரு நூலை இழுத்தால் ரஷ்யர்கள் மொத்தத்தையும் பிரித்துவிடுவார்கள். தண்ணீர், மின்சாரம் எல்லாம் பிற்பாடு இரு நாடுகளும் பேசித் தீர்த்துக்கொள்ளும். நல்லெண்ணம் என்று ஒன்று இருக்கிறது.

“ஒருத்தன ஒருத்தன் சுட்டு ஒரு வருஷம்தான் சார் ஆச்சு.”

“நீங்க பேசக்கூடாது, மிஸ் லூபின்ச். எனக்காகக் கேட்கிறேன்.”

அவர் உள்ளே போனார்.

அவளோடு விடுதி அறையில் தங்கியிருந்த எனிட், சுருக்கெழுத்துக்காரி, லிவர்பூல் பெண், எல்லாவற்றையும் கதவோரம் நின்று கேட்டுவிட்டாள். பென்சில்களைச் சீவிக்கொண்டே சொன்னாள்: “வாயத் தொறந்தே, நாளைக்கு உன்னத் திருப்பி அனுப்பிருவாங்கடி.”

“எங்க அனுப்புவாங்க? எங்க ஊரு எந்த நாட்டுல இருக்குன்னே இவங்களுக்கு இன்னும் தெரியாது.”

எனிட் சிரித்தாள். பிறகு சீவின பென்சில்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

கூட்டம் தொடங்கியது. பிரெஞ்சு நிபுணர் தெல்மாஸ் அன்றைக்குத் தலைவர். தங்கப் பூச்சுக் கூரைக்குக் கீழே பச்சைத் துணி விரித்த மேஜை. நெவென்கா ஸ்டூலில் உட்கார்ந்து, ரஷ்யர் ஸ்வியாகின் சொல்வதையெல்லாம் விட்காமின் காதுப் பக்கம் ஆங்கிலமாக்கினாள். தெல்மாஸ் வடக்கிலிருந்து ஊர்களைப் படித்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு பெயரும் அவளுக்குத் தெரிந்த பெயர். ஒரு ஊரில் அத்தையைக் கட்டிக்கொடுத்திருந்தது, ஒரு ஊரில் சந்தை, ஒரு ஊரில் அண்ணனைச் சுட்டார்கள். ஆட்சேபம் உண்டா? இல்லை. அடுத்தது. பெயர்கள் தெற்கே தெற்கே இறங்கிவர, அவள் காது அடுத்த பெயருக்கே காத்திருந்தது. ஸ்வியாகின் சொன்ன ஒரு சின்ன வாக்கியத்தை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சொல்ல வேண்டியிருந்தது. விட்காமின் பின்கழுத்தைப் பார்த்தாள். சிவந்திருந்தது. அவருக்கும் பயம்தான். அவர் ஒருவேளை பேசிவிடுவார் என்று அவளுக்கு ஒரு நப்பாசை. பேசிவிட்டால் போதும், அவள் இந்த ஜென்மத்துக்கும் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருப்பாள்.

“காம்னோவா” என்று தெல்மாஸ் படித்தார். மேட்டு வீடுகள் கிழக்கே. ரயில் பாதை மேற்கே. சொந்தத் தண்ணீர் வசதியுள்ள ஊர். ஆட்சேபம் உண்டா?

பிராட்டன் பைப்பில் புகையிலை அடைத்தார். ஸ்வியாகின் கொட்டாவியை மென்று விழுங்கினார். விட்காம் காகிதத்தின் ஓரத்தை நேராக்கினார். தெல்மாஸின் விரல் அடுத்த வரிக்கு நகர்ந்தது.

“ஆட்சேபம் இருக்கு” என்றாள் நெவென்கா. ஆங்கிலத்தில் ஒரு தரம், பிரெஞ்சில் ஒரு தரம், ரஷ்ய மொழியில் ஒரு தரம்.

யார் சொன்னது என்று தெல்மாஸுக்கு உடனே பிடிபடவில்லை. மேஜையைச் சுற்றி நான்கு முகங்களைத்தான் பார்த்தார். ஸ்டூல் அவர் கண்ணில் படவேயில்லை.

“நான்தான். நெவென்கா லூபின்ச். காம்னோவாவுல பொறந்தவ. அந்த ஊர்ல தண்ணி கெடையாது. நீங்க கை கழுவினது எங்கம்மா தலையில சொமந்தது. ஜீப்பு மேல ஊத்தினது ஒரு வீட்டுக்கு ரெண்டு நாளைக்குக் காணும். விருந்தாளின்னு ஊத்தினாங்க. ஊத்து கோட்டுக்கு அந்தப் பக்கம் போச்சுன்னா ஊரே காலியாயிரும். கோடு இருக்கட்டும். ரெண்டு ஊருக்கும் தண்ணி உண்டுன்னு ஒரு வரி எழுதுங்க. நான் கேக்கிறது ஒரு வரி.”

எனிட்டின் பென்சில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எழுதலாமா கூடாதா என்று தெரியாமலே எழுதினாள்.

விட்காம் எழுந்திருக்கவில்லை. மொழிபெயர்ப்பாளருக்கு உடம்பு சரியில்லை என்றார். பிரிட்டனுக்கு இதில் பங்கில்லை, பதிவிலிருந்து நீக்கிவிடலாம் என்றார். குரல் அமைதியாகத்தான் இருந்தது. அவள் தலைமேல் யாரோ துணியைப் போட்டு மூடினாற்போல் இருந்தது.

ஆனால் ஸ்வியாகின் விழித்துக்கொண்டுவிட்டார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஏன் நீக்க வேண்டும் என்று கேட்டார். பாட்டாளி மக்களின் குரல் இது. ஊற்று இல்லாமல் அந்த ஊர் வாழாதென்றால் ஊற்றும் கிழக்கே, யுகோஸ்லாவியாவுக்கு வரவேண்டும், அவ்வளவுதானே. கோட்டைப் பள்ளம்வரை இறக்குங்கள். அவள்தான் அதை ஆங்கிலமாக்க வேண்டியிருந்தது. ஆக்கினாள். விட்காமின் பின்கழுத்துச் சிவப்பு வடிந்துவிட்டது. இது அவருக்குப் பழகின வேலை. பேரம்.

ஊற்றைக் கொடுத்தால் பதிலுக்கு என்ன என்று விட்காம் கேட்டார். ஸ்வியாகின் உதட்டைப் பிதுக்கினார். பிராட்டன் பைப்பை வாயிலிருந்து எடுத்து, வடக்கே ஒரு ரயில் சுரங்கம் தகராறில் இருக்கிறதே, அதை மேற்கே விட்டுக்கொடுக்கட்டும் என்றார். ஸ்வியாகின் சுரங்கத்தின் கிழக்கு வாயை மட்டும் வைத்துக்கொள்ளப் பார்த்தார். தெல்மாஸ் வரைபடத்தின் மேல் குனிந்து பென்சிலால் ஒரு சின்ன வளைவு போட்டார். ஊற்று வளைவுக்குள் வந்துவிட்டது. மோலினெட்டா வெளியே நின்றது. ஆலையும் சக்கரமும் மாவரைப்போரும் இத்தாலியில். அவர்களுடைய தண்ணீர் யுகோஸ்லாவியாவில்.

நடுவில் இருந்து எல்லாச் சொல்லையும் கைமாற்றிக் கொடுத்தது அவள் வாய்தான்.

“அப்ப மோலினெட்டா?” என்று கேட்டாள். இந்தத் தடவை மூன்று மொழியில் கேட்கவில்லை. கேட்க நேரம் கொடுக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் ஒருமுறை பேசியதே அதிகம் என்றார் தெல்மாஸ், தலையைத் தூக்காமல்.

விட்காம் முதன்முறையாகத் திரும்பி அவளைப் பார்த்தார். முகத்தில் கோபமில்லை. கிட்டத்தட்ட சந்தோஷமாக இருந்தார். மெதுவாகச் சொன்னார்: “உங்க ஊருக்குத் தண்ணி கெடச்சாச்சும்மா. நீங்க கேட்டதுக்கு மேலயே கெடச்சிருக்கு. இப்ப அமைதியா இருங்க. நடந்தத நானும் மறந்துடுறேன்.”

இருந்துவிடலாம். அதுதான் அவளைப் பயமுறுத்தியது. அம்மா இனிமேல் எல்லையைத் தாண்டித் தண்ணீர் சுமக்க வேண்டாம். பெரியப்பா வாளியைத் தளும்பத் தளும்ப வைக்கலாம். மோலினெட்டாக்காரர்கள் அவளுக்கு என்ன மாமனா மச்சானா? பள்ளிக்கூடத்தில் அவள் இத்தாலிய மொழியை விட்டுத் தன் சொந்த மொழியில் பேசினாள் என்று வாத்தியாரிடம் போய்ச் சொல்லி அடி வாங்கிக்கொடுத்தது ஆலைக்காரர் மகள் ஆர்ஜியாதான். ஆர்ஜியாவை அவளுக்கு அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. ஆனாலும் ஆலை நின்றால் ஆர்ஜியா எந்த ஊருக்குப் போவாள், யாரைக் காரணம் சொல்லுவாள் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. மேட்டுக்காரி ஒருத்தி பாரிசுக்குப் போய் எங்கள் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள் என்பாள். பொய்யாகவும் இருக்காது. பிறகு பள்ளத்திலிருந்து ஒருவன் ராத்திரியில் மேலே வருவான். அதற்கு மேட்டிலிருந்து ஒருவன் கீழே போவான். அதை இவர்கள் எங்கோ உட்கார்ந்து எல்லைத் தகராறு என்று படிப்பார்கள்.

அவள் கேட்டது தண்ணீருக்கு ஒரு வரி. இவர்கள் ஒரு ஊரின் தாகத்தை எடுத்து இன்னொரு ஊரின் தலையில் வைத்துவிட்டு, அவளுக்கு நல்லது செய்ததாக நினைக்கிறார்கள்.

ஸ்வியாகின் சுரங்கம் மொத்தத்தையும் விட்டுக்கொடுப்பதாகச் சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். அது ரஷ்ய மொழியில் மூன்றே சொல். அவள் அதை ஆங்கிலத்தில் சொன்னால் எனிட் எழுதிக்கொள்வாள், தெல்மாஸ் ஆட்சேபம் உண்டா என்று கேட்பார், முடிந்தது.

“என்ன சொல்றார்?” என்று விட்காம் கேட்டார்.

அவள் பேசவில்லை.

“மிஸ் லூபின்ச். அவர் என்ன சொல்றார்?”

“உங்களுக்கே தெரியும் சார்.”

எழுந்தாள். கோட்டில் குத்தியிருந்த அனுமதி அட்டையைக் கழற்றி ஸ்டூலின் மேல் வைத்தாள்.  மேஜையைச் சுற்றிக்கொண்டுதான் கதவுக்குப் போக வேண்டும், சுற்றிக்கொண்டு போனாள். ஸ்வியாகின் ஆர்வமாகப் பார்த்தார். பிராட்டன் பைப்பைப் பார்த்தார். எனிட் மட்டும், போகாதே என்றா போ என்றா தெரியாதபடி, தலையை ஆட்டினாள்.

விட்காம் தாழ்வாரத்தில் அவளைப் பிடித்துவிட்டார். ஓடிவந்திருந்தார், மூச்சு வாங்கியது. எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்.

“ஊருக்கு.”

“சரி, ரெண்டு நாள் ஓய்வெடுத்துட்டு வாங்க, நான் பேசி வைக்கிறேன்.”

“வரமாட்டேன் சார். மொதல்ல மோலினெட்டாவுக்குப் போவேன். அப்புறம் காம்னோவாவுக்கு. இங்க நடந்தத ரெண்டு ஊர்லயும் சொல்லப்போறேன். அவங்க சேர்ந்து நின்னு அந்த ஒரு வரியக் கேக்கட்டும். ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகலல்ல?”

விட்காமின் முகம் வெளுத்தது. வெளியே சொல்ல மாட்டேன் என்று நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்று நினைவூட்டினார். இது விளையாட்டில்லை என்றார். குரலைத் தாழ்த்தி, ஒருவேளை உண்மையான அக்கறையோடே, “ஜெயில்ல போட்டுருவாங்கம்மா” என்றார்.

“அங்க தண்ணி வருமா சார்?”

 உள்ளேயிருந்து தெல்மாஸ் யாரையோ கூப்பிடும் குரல் கேட்டது. மொழி தெரிந்த வேறு ஆளைத் தேடுகிறார்கள். கிடைப்பான், எப்போதும் ஒருவன் கிடைப்பான். அதற்குள் எவ்வளவு நேரம் கிடைக்கிறதோ அவ்வளவுதான் அவளுக்கு.

இந்த முடிவை அவள் தாழ்வாரத்தில் எடுக்கவில்லை. ஸ்வியாகின் சுரங்கத்தைப் பற்றிப் பேசும்போதே, அவருடைய சொற்களைப் பொறுக்கியெடுத்து ஆங்கிலமாக்கிக்கொண்டிருந்தபோதே, அது உள்ளே முடிந்துவிட்டிருந்தது. கால்தான் கொஞ்சம் தாமதமாக எழுந்தது. ஆர்ஜியாவின் வீட்டுக் கதவைத் தட்டினால் அவள் முகத்தைப் பார்த்ததும் சாத்துவாள். மறுபடி தட்ட வேண்டும். பெரியப்பா, ஊர் மானத்தை வாங்கிவிட்டாயே என்று கத்துவார். அவர் கத்தி முடியும்வரை நிற்க வேண்டும். கேட்பார்களா என்று தெரியாது. கேட்டாலும் நடக்குமா என்று தெரியாது. 

படிக்கட்டில் இறங்கினாள். வாசலில் காவலாளி அட்டையைக் கேட்டான். உள்ளே விட்டுவிட்டேன் என்றாள். அட்டை இல்லாமல் வெளியே போனால் திரும்ப உள்ளே விட முடியாதம்மா என்று அவன் சட்டம் பேசினான்.

“வேண்டாம்” என்று சொல்லி, தெருவைக் கடந்து, தெற்கே போகும் ரயில்கள் கிளம்புகிற நிலையத்தை நோக்கி வேகமாக நடந்தாள்.